வால்வுன்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

வால்வு ரேடியோன்னு இங்க மலேசியாவுல எல்லாரும் சொல்றோம், ஆனா தண்ணிக் குழாய்லயும் இருதயத்துலயும் இருக்கிற வால்வுக்கும் ரேடியோக்குள்ள மினுங்குற கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ரெண்டும் வேற வேற சொல்லுன்னுதான் பல பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரே சொல்லுதான். லத்தீன்ல வால்வான்னா மடக்குக் கதவோட ஒரு பலகை. 1904ல இங்கிலாந்துல ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், காத்தை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழ்ல ஒரு இழையும் பக்கத்துல ஒரு உலோகத் தகடும் வச்சு ஒரு கருவி செஞ்சார். இழை சூடானா எலக்ட்ரான் கெளம்பித் தகட்டுக்குப் போகும், தகட்டுலேர்ந்து திரும்பி வராது. ஒரு பக்கம் மட்டும் வழி விடுறதால அதுக்கு வால்வுன்னு பேரு வச்சார்.

மலாய்ல வால்வுக்கு இஞ்சாப்னு சொல்றாங்கல்ல, அது முதல்ல மீன் பிடிக்கிற பூபுங்கிற பொறியோட வாய்ல உள்பக்கமா கூரா சொருகியிருக்கிற மூங்கில் சிம்புக்குப் பேரு, மீனு உள்ள போகும் வெளிய வராது. பிளெமிங் மனசுல இருந்த அர்த்தம் அப்படியே அதுல இருக்கு.

1906ல அமெரிக்காவுல லீ டி ஃபாரஸ்ட் நடுவுல மூணாவதா ஒரு கம்பியைச் சேர்த்தார், அதைத்தான் கிரிட்னு சொல்றோம். கிரிட்டுக்குக் குடுக்குற சின்ன மின்னழுத்தம் தகட்டுக்குப் போற பெரிய மின்னோட்டத்தையே கூட்டிக் குறைக்கும், ரேடியோவுல சத்தம் பெருசாகுறதே இதனாலதான். அமெரிக்காக்காரங்க டியூப்னு சொல்லிட்டாங்க, பிரிட்டிஷ்காரங்க வால்வையே வச்சுக்கிட்டாங்க, மலாயாவுல இருந்தது பிரிட்டிஷ் ஆட்சிங்கிறதால நம்ம வாயிலயும் வால்வுதான் நின்னுச்சு.

தமிழ்ல பொதுவா வால்வுக்கு ஓரதர்னு ஒரு கலைச்சொல் இருக்கு. அதர்னா வழி, சங்கப் பாட்டுல பாலை நிலத்துக் கரடுமுரடான பாதையைச் சொல்ற எடத்துல வர்ற சொல்லு, ஓர் அதர்னா ஒரே வழி. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், பிளெமிங் செஞ்ச முதல் கருவிக்கு இதைவிடப் பொருத்தமா கிடைக்காது. ஆனா கிரிட் வந்தப்புறம் பெருக்கிக் குடுக்குறதுதான் முக்கிய வேலையாச்சு, அதுக்கு ஓரதர்ங்கிறது பத்தாது. அதனால மொத்தக் குடும்பத்துக்கும் வெற்றிடக் குழல்னு சொல்றதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன், உள்ள எத்தனை மின்முனைன்னு பார்த்து டையோடுக்கு இருமுனையம், டிரையோடுக்கு மும்முனையம், பென்டோடுக்கு ஐம்முனையம். பேச்சுல வால்வுன்னே சொல்லுங்க, தப்பே இல்ல.

இந்தப் பேருங்க கையில இருந்தா பினாங்கு லோரோங் குலிட் சந்தையிலயோ கோலாலம்பூர்ல ஒரு பழைய சாமான் கடையிலயோ கெடைக்கிற பேர் தெரியாத வால்வை அடையாளம் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், ஏன்னா ஐரோப்பாவுல வச்ச குறியீட்டுலயே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க. ஈசிசி83ன்னு ஒண்ணு கெடைச்சா, முதல் எழுத்து ஈன்னா ஹீட்டருக்கு, அதாவது உள்ள சூடாக்குற இழைக்கு, 6.3 வோல்ட், சின்னா மும்முனையம், சி ரெண்டு தடவை வர்றதால ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு மும்முனையம், எண்ணு எட்டுல ஆரம்பிச்சா அடியில ஒம்போது கால். இஎல்34 மாதிரி மூணுல ஆரம்பிச்சா நடுவுல தடிச்ச முளை வச்ச எட்டுக் கால், டிகே96 மாதிரி ஒம்போதுல ஆரம்பிச்சா சின்ன ஏழு கால். டில ஆரம்பிக்கிறது 1.4 வோல்ட், பேட்டரி ரேடியோவுக்கு உள்ளது. இஎம் வந்தா ஸ்டேஷன் சரியா பிடிக்குதான்னு காட்டுற பச்சைக் கண்ணு. யூல ஆரம்பிக்கிறதெல்லாம் ஹீட்டர்களை வரிசையா கோத்த செட்டுக்கு, அந்த மாதிரி செட்டுல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம ரேடியோவோட அடித்தகட்டுலயே 240 வோல்ட் நேரா ஏறியிருக்கலாம், மூடியைக் கழட்டி கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கிடுங்க.

இதே ஈசிசி83தான் அமெரிக்காவுல 12ஏஎக்ஸ்7. ஒண்ணு 6.3ங்குது இன்னொண்ணு 12ங்குதே, எது சரின்னு குழம்ப வேணாம், ஹீட்டரோட நடுவுலேர்ந்து ஒரு இணைப்பு ஒம்போதாவது காலுக்கு வருது, ரெண்டு பாதியையும் தொடரா கட்டினா 12.6, பக்கம்பக்கமா கட்டினா 6.3, ரெண்டு எண்ணும் உண்மைதான். கடைசியில வர்ற 7, ஹீட்டர் ஒண்ணு, எலக்ட்ரான் கெளம்புற முனையான கேத்தோடு ரெண்டு, கிரிட் ரெண்டு, தகடு ரெண்டுன்னு உள்ள இருக்கிறதை எண்ணிச் சொல்றது. பிரிட்டிஷ் ராணுவ சரக்கா இருந்தா சிவி492ன்னு போட்டிருக்கும், அதுவும் இதேதான். மூணு பேரையும் மூணு வால்வுன்னு நெனச்சு காசு குடுத்துடாதீங்க.

எழுத்து அழிஞ்சிருந்தா துணி, ஸ்பிரிட் எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க, அந்த மசி விரல் பட்டாலே போயிரும். கண்ணாடி மேல லேசா ஊதிட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, ஆவி படியுறப்போ எழுத்து இருந்த எடம் தனியா தெரியும். உள்பக்கமா உச்சியில வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கிறது பேரியம் பூச்சு, மிச்சம் மீதி காத்தை இழுத்துக்கிறதுக்காக வச்சது. அது பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தா காத்து உள்ள புகுந்துருச்சு, அந்த வால்வு அவ்வளவுதான், எண்ணைத் தேடவே வேணாம்.

ஓஏ2 மாதிரி சிலது மட்டும் தனி ரகம். மின்னழுத்தத்தை ஒரே நெலையில வைக்கிறதுக்காக உள்ள வேணும்னே வளிமத்தை, அதாவது கேஸை, அடைச்சிருப்பாங்க, ஹீட்டர் கெடையாது, ஓடுறப்போ உள்ள வளிமமே ஒளிரும். அதை வெற்றிடக் குழல்னு சொல்ல முடியாது, டப்பாவுல எடுத்து வைக்கிறப்போ வளிமக் குழல்னு எழுதி வைங்க.