கேஸ்கேட்: சிஎஸ்எஸ்ஸின் முதல் எழுத்து

வலைப்பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு போன்ற தோற்றத்தை விதிகளாக எழுதும் மொழி சிஎஸ்எஸ், விரித்தால் ‘கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்’. அதன் முதல் சொல்லுக்கு வேர் இலத்தீனில்: அங்கே ‘கதேரே’ என்றால் விழுதல். அதன் வழியில் இத்தாலியில் ‘கஸ்காத்தா’ பிறந்து, பிரெஞ்சைத் தொட்டு ஆங்கிலத்துக்கு ‘கேஸ்கேட்’ ஆக வந்தது. பொருள், பாறைக்குப் பாறை இறங்கும் அருவி.

வலைப்பக்கத் தோற்றத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஹோக்கன் வியூம் லீ. 1994 அக்டோபரில், செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் முன்வைத்த வரைவில், பக்கத்தை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் தோற்றத்தில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு என்று சதவீதத்திலேயே எழுதலாம்! பெர்ட் போஸும் சேர்ந்து உழைத்து, 1996 டிசம்பரில் முதல் தரநிலை வெளியானபோது சதவீதம் போய்விட்டது. விதிகள் மோதினால் எது செல்லும் என்று தீர்க்கும் முறை மட்டும் நின்றது. கேஸ்கேட் என்பது அதுதான். பக்கத்தில் வெளியே இருக்கும் தாய் உறுப்பின் நிறம் அதற்குள் இருக்கும் சேய் உறுப்புக்கு வருவதைப் பலர் கேஸ்கேட் என்கிறார்கள். அது இன்ஹெரிட்டன்ஸ், வேறு சங்கதி.

தரநிலை ஆவணம் உலாவி செய்பவரையும் மனதில் வைத்து எழுதப்படுவதால் நீளும். பக்கம் எழுதுபவருக்குச் சாரம் போதும். முதலில், விதி யாருடையது? படிப்பவரின் விதி உலாவியின் இயல்பு விதியை வெல்லும், எழுதுபவரின் விதி அந்த இரண்டையும் வெல்லும். விதியில் ‘இம்பார்ட்டன்ட்’ (முக்கியம்) என்ற குறி போட்டால் இந்த வரிசை தலைகீழாகும். கண்பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வழிவிட்டது இந்த ஏற்பாடுதான். இங்கே சமநிலை என்றால், விதிகளைப் பிரித்து வைக்கும் லேயர் பார்க்கப்படும் (2022இல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றுக்கும் வந்தது). அதிலும் சமம் என்றால், விதி எந்த உறுப்புக்கு என்று சுட்டும் செலக்டரின் எடை: ஓர் உறுப்புக்கே உரிய பெயரான ஐடி, பல உறுப்புகளுக்குப் பொதுப்பெயரான கிளாஸை வெல்லும், கிளாஸ், உறுப்பின் வகையைச் சொல்லும் டேகை வெல்லும். கடைசியில், பின்னால் எழுதியது வெல்லும்.

சரி, தமிழில்? ‘விழுத்தொடர் பாணித் தாள்கள்’ என்ற ஆக்கம் புழங்குகிறது. எனக்கு ஒப்பவில்லை. விழுகின்ற தொடர் என்றால் அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘விழுதொடர்’ என்றே வரவேண்டும். ஒற்று மிக்கால் விழுப்புண், விழுப்பொருள் போலச் ‘சிறந்த தொடர்’ ஆகிவிடும். ‘அடுக்கு’ என்றும் சொல்லலாம், ஆனால் அது லேயருக்கு வேண்டும். ‘படியிறக்கம்’ பொருந்துகிறது: ஒரு படியில் தீராதது அடுத்த படிக்கு இறங்குகிறது. பாணித்தாளோடு சேர்த்தால் ‘படியிறங்கு பாணித்தாள்’.

பேச்சில் சிஎஸ்எஸ் அப்படியே இருக்கட்டும். நிறம் மாறவில்லையே என்று புதியவர் வந்து நின்றால், “உங்கள் விதி எந்தப் படியில் தோற்றது?” என்று கேட்கலாம்.