தேங்க்ஸ்கிவிங் கேசரோலில் சர்க்கரையைக் குறைத்தாலும் இனிப்பு குறையாது

நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவில் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் விருந்தை ஒட்டி என்னிடம் ஆலோசனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் வான்கோழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "அந்தச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேசரோலை நான் சாப்பிடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். (கேசரோல் என்பது பாத்திரத்தோடு ஓவனில் வைத்துச் சுடும் பதார்த்தம்.) அமெரிக்காவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "வீட்டில் அதை எப்படிச் செய்கிறார்கள்?"

வழக்கமான செய்முறையில் மசித்த கிழங்கோடு அரை கப் வெள்ளைச் சர்க்கரை சேரும். மேலே தூவுவதில் இன்னொரு அரை கப் பிரவுன் சுகர். இரண்டும் சேர்த்து சுமார் 200 கிராம். பத்துப் பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு ஐந்து டீஸ்பூன், அதாவது 20 கிராம். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை வேண்டாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். ஒரு கரண்டி கேசரோலிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது, பம்கின் பை என்ற பூசணி இனிப்பு இன்னும் மேசைக்கே வரவில்லை!

அதற்கு மேல் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாய். இது காலங்காலமாக வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1917-ல் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் தன் சரக்கை விற்க வெளியிட்ட சமையல் குறிப்புப் புத்தகம்தான் இதைப் பரப்பியது. தயங்காமல் விட்டுவிடலாம். நம்மவர்களில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு விஷயம்: பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது விலங்கிலிருந்து எடுப்பது.

சரி, இனிப்புக்கு என்ன செய்வது? கிழங்கே அதைத் தரும். அதற்குள் இருக்கும் ஒரு என்சைம், மெல்லச் சூடேறும்போது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. மைக்ரோவேவில் சட்டென்று வெந்தால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மூன்று பவுண்டு கிழங்கைத் தோலோடு, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றேகால் மணி நேரமாவது விடுங்கள். தோல் சுருங்கி, குத்திய இடங்களில் பாகு கசிந்து தட்டில் கருப்பாக ஒட்ட வேண்டும். அதுதான் பதம். சர்க்கரைப் பாகில் ஊறிய டின் கிழங்கு வேண்டாம்.

சதையைச் சுரண்டி மசித்து, ஆறியதும் இரண்டு முட்டை, அரை கப் பால், மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, பட்டைத் தூள், துருவிய ஆரஞ்சுத் தோல் சேருங்கள். உப்பைக் குறைக்காதீர்கள், இனிப்பை எடுத்துக் காட்டுவது அதுதான். மேலே ஒரு கப் நறுக்கிய பீக்கான் கொட்டை, கொஞ்சம் ஓட்ஸ், உருக்கிய வெண்ணெய், இரண்டே மேசைக்கரண்டி பிரவுன் சுகர். மறுபடி அரை மணி நேரம் ஓவனில். முட்டை இருப்பதால் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட வேண்டும்.

நாட்டுச் சர்க்கரையோ தேனோ போட்டால் பரவாயில்லையா என்று நம் வீடுகளில் தவறாமல் கேட்கிறார்கள். ரத்தச் சர்க்கரைக்கு அவையும் சர்க்கரைதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சுட்ட கிழங்கு, வேகவைத்ததைவிட ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதனால் அரை கப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்று உருளைக்கிழங்கு மசியல், ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுகளில் செய்வது), பன் எல்லாம் ஒரே தட்டில் வரும். கேசரோல் வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றை விடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் விருந்து தள்ளிப்போனால் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள். மூன்று நாள் வரை தாங்கும். விருந்தாளிகளில் யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முதல் நாளே கேட்டு, அவர்களுக்குப் பீக்கான் படாத ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாகச் செய்யுங்கள், கரண்டியும் தனியாக.