படைப்பிலக்கிய ஆனர்ஸ் ஆய்வேடு: மாணவர்கள் தாமதமாக உணர்பவை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலக்கியம் பயிலும் இளங்கலை மாணவர்களுள் ஒரு சிறு பிரிவினர், இறுதியாண்டில் ஆய்வுக் கட்டுரைக்கு மாற்றாக ஒரு சிறுகதைத் தொகுப்பையோ கவிதைத் தொகுப்பையோ குறுநாவலையோ ஆனர்ஸ் எனப்படும் சிறப்புத் தகுதிக்கான ஆய்வேடாக அளிக்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டியாகவும் தேர்வாளராகவும் இருந்துவரும் நான், நன்றாக எழுதக்கூடியவர்களே பாதியில் கைவிடுவதையும், முடித்தவர்களுள் சிலர் பட்டம் பெற்ற பிறகு அந்த ஏட்டை இணையத்திலிருந்து நீக்க இயலுமா என்று கேட்டு வருவதையும் தொடர்ந்து காண்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தாங்கள் எழுதுவது, தங்களை அறியாத வாசகர் முன் வைக்கப்படும் ஆவணம் என்பதை அவர்கள் மிகத் தாமதமாகவே உணர்கின்றனர்.

இந்த நடைமுறையின் வரலாறே இதைச் சொல்கிறது. 1922இல் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் அதன் தலைவர் ஃபிராங்க் அய்டெலாட், ஆக்ஸ்ஃபோர்டு முறையைத் தழுவி ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். மாணவரை மதிப்பிடுவோர் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களாக இருப்பது அத்திட்டத்தின் சிறப்பு. அதே ஆண்டில் அயோவா பல்கலைக்கழகம், மேற்பட்டங்களுக்குப் படைப்பிலக்கியத்தையே ஆய்வேடாக ஏற்பதாக அறிவித்தது. 1936இல் அயோவா எழுத்தாளர் பயிலரங்கு உருவானது அதன் தொடர்ச்சியே. இன்றைய இளங்கலைப் படைப்பு ஏட்டில் இவ்விரண்டின் சாயலும் உண்டு. வகுப்புப் பயிலரங்கில் சக மாணவர்கள், எழுதியவரைத் தெரிந்திருப்பதால், எழுதப்படாததையும் சேர்த்தே வாசித்துவிடுகின்றனர். துறைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. தாளில் இருப்பது மட்டுமே அவர் முன் இருக்கிறது.

அளவும் விதிமுறையும் துறைக்குத் துறை மாறுபடும் என்றாலும், உரைநடை எனில் 60 முதல் 100 பக்கங்கள் என்பது பரவலான எதிர்பார்ப்பு. மூன்றாம் ஆண்டின் வசந்த செமஸ்டரில் முன்மொழிவு, செப்டம்பரில் தொடக்கம், ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு என்பது வழக்கமான கால அட்டவணை. இதில் எனது உறுதியான கருத்து, ஜனவரி இறுதியோடு புதிதாக எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதாகும். மார்ச்சிலும் புதிய கதையைத் தொடங்கும் மாணவர், அந்தக் கதை எவ்வளவு சிறப்பாக இருப்பினும், முந்தைய கதைகளைத் திருத்துவதற்கான நேரத்தைத்தான் அதற்குக் கொடுக்கிறார். தேர்வாளர் வாசிப்பதோ முழுத் தொகுப்பை. ஒவ்வொரு திருத்தப் பிரதியையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்துவருவதும் அவசியம். செயற்கை நுண்ணறிவின் உதவி குறித்து ஐயம் எழுமானால், அப்பிரதிகளே மாணவர் காட்டக்கூடிய வலுவான சான்று.

நாவல் எழுத விரும்புவோர் கூடுதலாக யோசிக்க வேண்டும். இரண்டு செமஸ்டரில் ஒரு முழு நாவலைத் திருத்தி முடிப்பவர் மிக அரிது. பெரும்பாலோர் முதல் அத்தியாயத்தையே மீண்டும் மீண்டும் செதுக்கிக்கொண்டிருந்துவிட்டு, இறுதியில் தொடக்கம் மட்டும் ஒளிரும் ஓர் அரைகுறைப் பிரதியை அளிக்கின்றனர். பிரின்ஸ்டனில் இளங்கலை ஆய்வேடாகத் தொடங்கி உலகப் புகழ்பெற்ற ஜோனதன் சஃப்ரான் ஃபோயரின் நாவலை மாணவர்கள் எனக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அவர் பட்டம் பெற்றது 1999இல், நாவல் வெளியானது 2002இல் என்பதை நான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்வது வழக்கம். ஒரே ஊரிலோ ஒரே குடும்பத்திலோ நிகழும் நான்கைந்து தொடர்புடைய கதைகள், நாவல் தரும் விரிவையும் தரும்; ஒரு கதை தோற்றாலும் தொகுப்பு நிற்கும்.

மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது, படைப்போடு இணைக்கப்படும் விமர்சன முன்னுரை. பல துறைகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. மதிப்பெண் ஆனர்ஸ் நிலையிலிருந்து உயர் ஆனர்ஸ் நிலைக்கு நகர்வது இதனால்தான் என்பது எனது அனுபவம். ஆயினும் இதைக் கடைசி வாரத்தில் எழுதுவதே வழக்கமாக உள்ளது. சிறு வயது முதலே எழுத்தில் ஆர்வம் என்று தொடங்கி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிந்துவிடுகிறது. தேர்வாளர் அறிய விரும்புவது அதுவன்று. இந்தக் கதையை இந்த இடத்தில் நின்று சொல்வதற்கான காரணம் என்ன, இதற்கு முன் இதே சிக்கலை எதிர்கொண்டவர்கள் என்ன செய்தனர், அதிலிருந்து எங்கே விலகினீர்கள் என்பவையே கேள்விகள். ஒரு மாணவி, தாய் மருத்துவமனையில் கழித்த நாட்களை மகளின் பார்வையில் அல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பார்வையில் எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அப்படித்தான் வந்தது என்றார். பல சந்திப்புகளுக்குப் பிறகே, பக்கத்து வீட்டுப் பெண் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்பதும், அந்தத் தவறே கதையை நகர்த்துகிறது என்பதும் அவருக்குத் தெளிவாயின. முன்னுரை அந்த ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது. அதைவிட முக்கியமாக, கதையின் இறுதிப் பகுதியை அவர் முற்றிலும் மாற்றி எழுதினார். முன்னுரையின் முதல் வடிவத்தை நவம்பரிலேயே எழுதுமாறு நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். திருத்தத்துக்கு வழிகாட்டக்கூடிய ஒன்றைத் திருத்தம் முடிந்த பின் எழுதுவதில் பொருளில்லை.

அடுத்து, உண்மை மனிதர்களைப் பற்றி எழுதுவது. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் உட்பட, பாட்டியின் கதையையோ மாமாவின் கதையையோ தன்வரலாற்றுக் கட்டுரையாக எழுதுவது இயல்பு. உறவினர்களைப் பேட்டி காண மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும், ஐ.ஆர்.பி. எனப்படும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்று மாணவர்கள் அஞ்சுகின்றனர். 2019 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள திருத்தப்பட்ட கூட்டாட்சி விதிகள், வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு, இதழியல் போன்றவற்றை அவ்விதிகள் கருதும் ஆய்வு என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளன; ஆயினும் தத்தம் பல்கலைக்கழகத்தின் நடைமுறையை வழிகாட்டியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. குழுவின் அனுமதி தேவையில்லை என்பதற்காகப் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. உறவினர் ஒருவரின் விசா காலாவதியான செய்தியோ, மணமுறிவின் காரணமோ, மனநோய்க்கான சிகிச்சையோ கதையில் இருந்து, ஆய்வேட்டின் அட்டையில் குடும்பப் பெயரும் இருக்குமானால், பெயரை மாற்றியதால் மட்டும் அந்த உறவினருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. குடியேற்ற நிலை தொடர்பான எதையும் எழுதுவதற்கு முன், அது நூலகத் தளத்தில் தேடினால் கிடைக்கும் என்பதை அந்த உறவினருக்கு விளங்கச் சொல்லி, அவர் மறுத்தால் விட்டுவிட வேண்டும். கதைக்கு அது எவ்வளவு தேவை என்று மாணவர் வாதிட்டாலும் இதில் நான் தளர்வதில்லை.

தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை எழுத முற்படும் மாணவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் (Title IX) சட்டத்தின் கீழ், பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் தாம் அறியவரும் இத்தகைய நிகழ்வை அதற்குரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வகுப்புக்காக எழுதப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரதியைக் கொடுப்பதற்கு முன்பே வழிகாட்டியிடம் இதைப் பொதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் பேசுவதற்கு இந்தக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை.

மேற்கோள்களில் ஒரு சிறு எச்சரிக்கை போதும். பாரதியின் பாடல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆனால் அவற்றின் அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளரின் உடைமை. திரைப்பாடல் வரிகளை முழுமையாக எடுத்தாள்வதைத் தவிர்ப்பதே நலம். அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 95 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கக்கூடும்.

இனி, ஏட்டை நூலகத்தில் ஒப்படைக்கும் படிவம். வாய்மொழித் தேர்வு முடிந்த களைப்பில், பெரும்பாலான மாணவர்கள் இதை வாசிக்காமலே கையெழுத்திடுகின்றனர். காப்புரிமை பொதுவாக மாணவரிடமே இருக்கும். ஆனால் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் உடனடியாகப் பொதுப் பார்வைக்கு வைப்பதா, குறிப்பிட்ட ஆண்டுகள் மூடிவைப்பதா என்ற தெரிவை அந்தப் படிவமே தீர்மானிக்கிறது. இலக்கிய இதழ்கள் பல, முதல் வெளியீட்டு உரிமையையே கேட்கின்றன. இணையத்தில் எவரும் வாசிக்கக் கிடைக்கும் கதையை, ஏற்கெனவே வெளியானது என்று கருதித் திருப்பி அனுப்பும் இதழ்கள் உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதிய மாணவருக்கு உடனடி வெளியீடு நன்மை. படைப்பு எழுதியவருக்கு அதுவே இழப்பாகலாம். எம்.எஃப்.ஏ. எனப்படும் படைப்பெழுத்து முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க இந்த ஏட்டின் 20, 30 பக்கங்களை அனுப்புவதற்கு மூடிவைத்தல் எவ்விதத்திலும் தடையன்று. (இந்த ஏட்டால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு, இத்தகைய விண்ணப்பத்தையே முதல் பயனாக நான் சுட்டுவதுண்டு.)

மூடிவைக்கும் காலத்தைப் பின்னர் நீட்டிக்க அனுமதிக்கும் நிறுவனங்கள் உள்ளன. ஒருமுறை திறந்து வைக்கப்பட்ட ஏட்டைத் திரும்பப் பெற அனுமதிப்பவை மிகக் குறைவு, அனுமதித்தாலும் தேடுபொறிகளிலும் பிறர் தரவிறக்கிய கோப்புகளிலும் அது எஞ்சியிருக்கும். எனவே படிவத்தைச் செப்டம்பரிலேயே நூலகத்தில் கேட்டு வாங்கி, வழிகாட்டியுடனான முதல் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பிரதியில் யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்ற பேச்சையும் அதே சந்திப்பில் தொடங்குங்கள்.