பிளாங்டன்: மிதப்பதா, அலைவதா?

யானை என்றதும் அளவு ஒப்பிட எறும்பை இழுத்து வருவோம். கடலில் வாழும் புரோகுளோரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரின் பக்கத்தில் நின்றால் எறும்பே யானைதான். இதன் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர். 3 மீட்டர் உயரமுள்ள ஆண் யானையின் தோளை எட்ட 50 லட்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் உள்ளிட்டோர் 1980களில்தான் இதை அடையாளம் கண்டார்கள். ஆனால் உலகத்து யானைகளையெல்லாம் ஒரு தட்டிலும் இவற்றையெல்லாம் மறு தட்டிலும் வைத்து நிறுத்தால், தாழ்வது இவற்றின் தட்டுதான்.

இது பிளாங்டன் வகை உயிர். அந்தச் சொல்லை 1887இல் ஆக்கியவர் ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் விக்டர் ஹென்சன். 'பிளாங்க்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள்.

பலர் தவறுவது இங்கேதான். பிளாங்டன் என்றாலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லின் வேரில் அளவே இல்லை. நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாமல் அது இழுத்த இழுப்புக்குப் போகும் உயிர் எதுவானாலும் பிளாங்டன்தான். நம் மீனவர்கள் சொறி என்னும் ஜெல்லி மீன்களில் பலவும் இதில் அடங்கும். யானையோ கடலில் இறங்கினாலும் தன் திசையில் நீந்தும். அந்தமானில் மரம் இழுக்கக் கொண்டுபோன யானைகள் தீவு விட்டுத் தீவு நீந்திப் போயிருக்கின்றன. ஆக, இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உருவம் அல்ல, போக்கு.

தமிழில் 'மிதவை உயிரி' என்று எழுதுகிறோம். தவறில்லை, ஆனால் எனக்கு நிறைவில்லை. மிதவை என்றதும் தெப்பம்போல நீரின் மேலே கிடப்பதுதான் மனத்தில் வருகிறது. ஆனால் புரோகுளோரோகாக்கஸ் 200 மீட்டர் ஆழம் வரை வாழ்கிறது. விலங்கு வகைப் பிளாங்டன்களில் பல, பகலில் சில நூறு மீட்டர் கீழே இறங்கி இரவில் மேலே வருகின்றன.

நம்மிடமோ 'அலை' இருக்கிறது. பெயராக நின்றால் கடலலை, வினையாக நின்றால் திரிவது. கிரேக்கச் சொல்லின் பொருளும் அந்த உயிரின் இடமும் ஈரெழுத்தில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? 'அலையுயிரி' என்றே எழுதலாம் என்பேன்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் வகையைத் 'தாவர மிதவை உயிரி' என்கிறார்கள். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இவ்வகை உயிர்களால் நடப்பது. ஆனால் புரோகுளோரோகாக்கஸ் தாவரமே அல்ல, பாக்டீரியா. 'ஒளிச்சேர்க்கை அலையுயிரி' சற்று நீளம்தான், ஆனால் பாக்டீரியாவைச் செடியாக்கும் பிழை அதில் வராது.