காயம் ஆறத் தோல் எப்படிப் பெருகுகிறது?

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பேறிக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களின் கைகளில் கீறலும் சிராய்ப்பும் சாதாரணம். மேல்தோல் மட்டும் உரிந்த காயம் சில நாட்களில் தழும்பின்றி மூடிக்கொள்வதற்கு, அங்குள்ள செல்களை இரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகள் என்ற சிறு புரதங்களே முக்கியக் காரணம்.

இவற்றில் முதன்மையானது ஈ.ஜி.எஃப். எனப்படும் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்ணிமைகள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென் கவனித்தார். பிறர் பொருட்படுத்தாமல் விட்டிருக்கக்கூடிய அந்த விந்தையை விடாமல் தொடர்ந்து அவர் பிரித்தெடுத்த புரதம், வெறும் 53 அமினோ அமிலங்களால் ஆனது. 1986-இல், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஈ.ஜி.எஃப். செல்லுக்குள் நுழைந்து செய்தி சொல்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் செய்தியைப் பெறுவதற்கென உள்ள ஏற்பி என்ற புரதத்தில் அது ஒட்டியதும், ஏற்பியின் வடிவம் மாறி, இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. செல்லுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்கள் ஒன்றின்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அங்கிருந்து ராஸ் முதலான புரதங்கள் வழியே கைமாறும் செய்தி உட்கருவை எட்டி, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் கட்டத்துக்குள் செல்லை நகர்த்துகிறது. காயத்தின் விளிம்பில் இருக்கும் செல்கள் முதலில் ஊர்ந்து முன்னேறுகின்றன. பெருமளவு பிரிவது அவற்றுக்குச் சற்றுப் பின்னால் உள்ளவையே.

அடித்தோலில் உள்ள நார்ச்செல்களும் கே.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அதன் ஏற்பி மேல்தோல் செல்களில் இருப்பதால், சுரக்கும் செல்லை விடுத்து மேலே இருப்பதையே அது பெருக்குகிறது. இந்தப் பெருக்கத்துக்கு அணை போட டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் உண்டு; வேலை முடிந்த ஏற்பிகளைச் செல்லே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது.

நாள்பட்ட நீரிழிவுப் புண்ணிலோ, புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்து இக்காரணிகளையும் அழிக்கின்றன. ஈ.ஜி.எஃப். கலந்த களிம்பு நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆயினும் இறந்த திசுவை அகற்றாமலும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமலும் அதைத் தடவுவதால் பெரும்பயன் இராது என்பதை நோயாளிகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஈ.ஜி.எஃப். ஒட்டும் இதே ஏற்பி ஓயாமல் செய்தி அனுப்பினால் புற்றுநோய்க்கு வழியாகும். நுரையீரல் புற்றுநோயில் அதை முடக்கத் தரப்படும் ஜெஃபிட்டினிப் மாத்திரையால் பலருக்கு முகத்திலும் மார்பிலும் பருக்கள் போன்ற தடிப்புகள் எழுவதும் தோல் வறள்வதும், நலமான தோலும் அதே செய்தியை நம்பி வாழ்வதாலேயே.