தில்லைப் பால் கண்ணில் பட்டால் தாய்ப்பால் விடாதீர்கள்

திங்கட்கிழமை காலை ஒரு கல்லூரி மாணவர் வந்தார். இமை இரண்டும் புடைத்துக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. "பிச்சாவரம் போனோம் டாக்டர். இலை சிவப்பா அழகா இருந்துச்சு, போட்டோவுக்காகக் கிளையை ஒடிச்சேன்." வலி மருந்து விட்டு, சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் மேல்தோல் பாதிக்கு மேல் உரிந்து, அந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. அவர் ஒடித்தது தில்லை மரத்தின் கிளை. அதிலிருந்து வடிந்த பால் கண்ணில் பட்டது முந்தின நாள் மதியம். தண்ணீர் விட்டுக் கழுவவே இல்லை. வீட்டுக்குப் போனதும் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள்.

இதை எத்தனை தடவைதான் சொல்வது? தாய்ப்பால் குழந்தைக்கு உணவு. கண்ணுக்கு மருந்து அல்ல. "குளிர்ச்சிதானே டாக்டர்" என்கிறார்கள். தோல் உரிந்த கருவிழி திறந்த காயம். அதில் பாலை விட்டால், பால் எடுத்த கை, கிண்ணம், பஞ்சு எல்லாவற்றிலும் இருக்கும் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும். தில்லைப் பால் மட்டும் பட்ட கண் உடனே கழுவி வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் பார்வை குறையாமல் ஆறிவிடும். கிருமி புகுந்து புண்ணானால் வெள்ளைத் தழும்பு விழும், அது போகாது. விளக்கெண்ணெய், தேன், பன்னீருக்கும் இதே பதில்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் ஆபத்து.

பிச்சாவரம் என்றதும் எல்லோருக்கும் தண்ணீரில் நிற்கும் சுரபுன்னை மரம்தான் நினைவுக்கு வரும். மேட்டுக் கரையில் நிற்கும் தில்லையை யாரும் கவனிப்பதில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்த மரத்தால்தான், நடராஜர் கோயிலின் தலமரமும் இதுதான். "சாமி மரம் என்ன செய்துவிடும்" என்று இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. கும்பிடுங்கள், தொடாதீர்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த காப்புக்காடு அது. அங்கே கிளை ஒடிப்பதே தவறு.

பால் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைக் கழுவிவிட்டு எடுத்துவிடுங்கள். பாட்டில் குடிநீரால் அங்கேயே கழுவத் தொடங்குங்கள். காயல் தண்ணீர் வேண்டாம். கரை சேர்ந்ததும் குழாயடியில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், ராத்திரியில்தான் வலி உச்சத்துக்குப் போகும்.

படகோட்டும் அண்ணன்மார்களே, தில்லை எது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. படகு அந்தக் கரையை ஒட்டிப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு கேன் நல்ல தண்ணீரும் படகிலேயே இருக்கட்டும்.