புகை லேசு, ஆல்கஹால் அதே 40 சதவீதம்

ஸ்காட்லாந்தில் விஸ்கி சுவைக்கும் அமர்வுகளை நடத்துவது என் தொழில். புகை மணம் தூக்கலாக இருந்தால் ஆல்கஹால் அதிகம், மணம் மெலிதாக இருந்தால் ஆல்கஹாலும் குறைவு என்று நம்பி வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

சென்ற மாதம் கிளாஸ்கோவில் ஒரு மாலை அமர்வு. லாஃப்ரோய்க் 10 ஆண்டு விஸ்கியை முகர்ந்ததும் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, எனக்கு வேண்டாம்" என்று தள்ளி வைத்தார். அடுத்து வந்த ஆர்ட்மோர் லெகசியை இரண்டே மடக்கில் முடித்துவிட்டு, "இது லேசாகத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள், நான் கார் ஓட்ட வேண்டும், இதுவென்றால் பயமில்லை" என்றார். நான் ஊற்றவில்லை. இரண்டு பாட்டில்களையும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டிலும் 40 சதவீதம் என்றே அச்சிட்டிருந்தது.

புகை, விஸ்கி உருவாவதற்கு வெகு முன்பே தானியத்தில் ஏறிவிடுகிறது. சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் பாதி மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதுதான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணப்பொருள்கள் ஈரத் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட்மோருக்கான பார்லியில் பத்து லட்சத்தில் 12 முதல் 14 பங்கு ஃபீனால். லாஃப்ரோய்க்கில் 40க்கு மேல். ஆல்கஹால் அளவோ, பீப்பாயிலிருந்து எடுத்த விஸ்கியில் எவ்வளவு தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்கவே முடியாது.

அவருடைய மூக்கு மட்டும் சரியாகவே சொன்னது. 1865இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் இதே கிளாஸ்கோவின் மருத்துவமனையில் காயங்களைச் சுத்தப்படுத்தப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம், ஃபீனால்தான்.

புகை விஸ்கியைப் புதிதாக அறிய விரும்புகிறவர்களுக்கு ஆர்ட்மோரை நான் முதலில் நீட்டுவதற்குக் காரணம் உண்டு. லாஃப்ரோய்க் வரும் ஐலா தீவின் கடல் வாடையும் மருந்து நெடியும் இதில் இல்லை. புகை மணமுள்ள சிங்கிள் மால்ட்களில் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கிகளில்) விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. அபர்டீன்ஷயரில் 1898இல் டீச்சர் குடும்பத்தார் கட்டிய ஆலை இது. இந்தியக் கடைகளில் பலரும் பார்த்திருக்கும் டீச்சர்ஸ் விஸ்கியின் புகைவாசம் இங்கிருந்துதான் போகிறது.

15 மில்லி போதும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கேரமல் நிறம் சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி விளிம்பில் முகருங்கள். முதலில் தேனும் வெனிலாவும் வரும். சற்றுப் பொறுத்தால், முந்தின இரவு அணைத்த விறகடுப்பை விடியற்காலையில் கிளறும்போது எழுமே, அந்த ஆறிய சாம்பல் மணம் அடியிலிருந்து வரும். இப்போது சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினி மாதிரியில் காட்டியபடி, தண்ணீர் சேர்ந்தால் புகைமணம் தரும் குவாயகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நாடுகின்றன. என் மேசையில் இதை உணராதவர்கள் குறைவு. பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் படரவிட்டு. விழுங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருக்கிறேன், நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கணக்கு எளியது. 40 சதவீத விஸ்கி 25 மில்லியில் 10 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பிரிட்டனில் இதை ஒரு யூனிட் என்பார்கள். வாரத்துக்கு 14ஐத் தாண்டாதீர்கள் என்பது அரசின் அறிவுரை. நம் ஊரில் ஊற்றும் 60 மில்லி பெக் ஒன்றே கிட்டத்தட்ட இரண்டரை யூனிட் ஆகிவிடும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் ஸ்காட்லாந்து 50 மில்லிகிராம் வரை பொறுக்கும், இந்தியா 30 வரைதான். புகையின் அளவை எந்தச் சோதனைக் கருவியும் கேட்பதில்லை. தொண்டையில் இதமாக இறங்கும் விஸ்கியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நெடி அடிக்கும் விஸ்கி தானாகவே கையைத் தடுக்கிறது, இது தடுப்பதில்லை.

அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த விஸ்கிகளைச் சிறு குப்பிகளில் அடைத்துக் கொடுத்தேன்; ஓட்டுநர்களுக்கு இங்கே பல ஆலைகள் இப்படித்தான் தந்தனுப்புகின்றன. கார் சாவி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்த அவருடைய நண்பரின் கைக்குப் போனது.

வீட்டில் சுவைத்த கிளாஸை அன்றிரவு கழுவாமல் வையுங்கள். காலையில் ஆல்கஹால் ஆவியாகிப் போயிருக்கும். காய்ந்த கிளாஸை முகர்ந்து பாருங்கள், புகை அப்படியே இருக்கும்.